வயசுக்குத் தண்டமா, புகைக்குத் தண்டமா?

(பழைய சரக்கு வண்டிகளின் எஃப்.சி. கட்டண உயர்வு குறித்து, சங்கத்தின் வட்டாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியது பேசியபடியே அச்சிடப்பட்டுள்ளது.)

 

கரண்டுக்குப் பேசியிருக்கிறோம். பால் விலைக்குப் பேசியிருக்கிறோம். கரும்பு பாக்கிக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருக்கிறது. இன்றைக்கு வண்டிக்குப் பேச வந்திருக்கிறோம். "இது லாரிக்காரர் சங்கத்து வேலையாச்சே, விவசாயச் சங்கத்துக்கு இதிலே என்ன?" என்று நம்ம ஆட்களே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

தக்காளியைப் பறிப்பதோடு விவசாயம் முடிந்துவிடுகிறதா? சாயங்காலம் பறித்த காய் விடியறதுக்குள்ளே ஒட்டன்சத்திரம் மண்டியிலோ உடுமலை சந்தையிலோ இறங்கியாகணும். வாடகை வண்டிக்காரர் நாலு தோட்டத்தைச் சுற்றி ஏற்றிக்கொண்டு வருவதற்குள் ஏலம் முடிந்துபோகும். காய் மலிந்த நாளில் பெட்டிக்கு வாடகை கொடுத்து, இறக்குக்கூலி கொடுத்து, கமிஷன் கொடுத்தால் கையில் நிற்பது காலிப்பெட்டிதான். இதற்குப் பயந்துதான் அஞ்சு ஏக்கர், ஆறு ஏக்கர் வைத்திருக்கிறவன் நகையை அடகு வைத்து ரெண்டாங்கை, மூணாங்கை வண்டியாகப் பார்த்து ஒரு டாடா 207-ஓ, மகிந்திரா பிக்கப்போ, குட்டி யானையோ வாங்கிப் போட்டான். அது அவனுக்குத் தொழில் வண்டி அல்ல. மண்வெட்டி எப்படியோ, மோட்டார் பம்புசெட் எப்படியோ, அப்படி ஒரு விவசாயக் கருவி. ஆனால் சர்க்கார் புத்தகத்தில் டிராக்டருக்கு ஒரு கணக்கு, இதற்கு வேறு கணக்கு. மஞ்சள் போர்டு மாட்டின சரக்கு வண்டி என்று எழுதிவிட்டார்கள். வருஷம் பூராவும் பம்பாய்க்கும் பெங்களூருக்கும் ஓடுகிற வண்டிக்கு என்ன சட்டமோ, தோட்டத்துக்கும் மண்டிக்கும் ஓடுகிற வண்டிக்கும் அதே சட்டம்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

மத்திய அரசு 2021 அக்டோபரில் ஓர் அறிவிப்பு போட்டது. 2022 ஏப்ரல் 1 முதல், 15 வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு எஃப்.சி. புதுப்பிக்கக் கட்டணம் இலகு ரக வண்டிக்கு 7,500 ரூபாய், நடுத்தர வண்டிக்கு 10,000, கனரக வண்டிக்கு 12,500. நம்ம பிக்கப் எல்லாம் இலகு ரகத்தில்தான் வரும். எஃப்.சி. காலாவதி ஆகி ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் 50 ரூபாய் தனி. அறுவடை நேரத்தில் ரெண்டு மாசம் விட்டுப்போச்சு என்றால் அதுவே மூவாயிரம். அதோடு நின்றார்களா? 2025 நவம்பரில் மறுபடியும் ஏற்றினார்கள். 20 வருஷம் தாண்டின இலகு ரக வண்டிக்கு 15,000 ரூபாய், நடுத்தரத்துக்கு 20,000, கனரகத்துக்கு 25,000.

இது ஒரு தடவை கட்டி முடிகிற பணம் அல்ல. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி.; எட்டு தாண்டினால் வருஷா வருஷம். ஆகவே 15,000 என்பது வருஷக் குத்தகை மாதிரி. மாசம் 1,250 ரூபாய். இன்சூரன்ஸ் தனி, பசுமை வரி தனி, ஆறு மாசத்துக்கு ஒரு புகைச் சான்று தனி, எஃப்.சி.க்கு முன்னாடி டிங்கரிங், பெயிண்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எல்லாம் தனி.

வருஷத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற தோட்டத்து வண்டிக்கு இந்தக் கட்டணம் மட்டும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் 87 பைசா ஆகிறது. வருஷத்துக்கு அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற வாடகை வண்டிக்கு 25 பைசா. அதிகம் ஓடுகிறவன் அதிகம் புகை விடுகிறான், குறைச்சலாகக் கட்டுகிறான். இது எந்த ஊர்ச் சுற்றுச்சூழல் கணக்கு? தக்காளிக் கணக்கில் சொல்லட்டுமா? கிலோ அஞ்சு ரூபாய்க்கு இறங்குகிற நாளில் 14 கிலோப் பெட்டி 70 ரூபாய். 15,000 ரூபாய்க்கு 214 பெட்டி. பறிகூலியும் இல்லாமல், கமிஷனும் இல்லாமல் சும்மா கொண்டுபோய்க் கொட்டினால் 214 பெட்டி.

"அதுதானே, பழைய வண்டியைக் கழித்துவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றுதானே திட்டம் போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 13-ல் பழைய வாகனக் கழிவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் என்ன இருக்கிறது என்று நான் எழுத்து எழுத்தாகப் படித்தேன். புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை பழைய வண்டிக்கு இரும்பு விலையாகக் கிடைக்கும். கம்பெனிக்காரர்கள் 5 சதவீதம் தள்ளுபடி தரலாம் என்று ஆலோசனை. கட்டாயம் அல்ல, ஆலோசனை. பதிவுக் கட்டணம் கிடையாது. சரக்கு வண்டிக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை. நல்லது. பத்து லட்ச ரூபாய் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு விலை 40,000 முதல் 60,000. தள்ளுபடி தந்தால் 50,000. மீதி ஒன்பது லட்சம் நம் தலையில். பத்து சதவீத வட்டிக்கு அஞ்சு வருஷக் கடன் என்றால் மாசத் தவணை 19,000 ரூபாய்க்கு மேலே. எந்தத் தோட்டம் மாசம் 19,000 ரூபாய் வண்டிக்கு மட்டும் தரும்? பயிர்க்கடன் தருகிற கூட்டுறவுச் சங்கத்தில் இதற்குக் கை விரிப்பார்கள். கடைசியில் தனியார் பைனான்ஸ். ரெண்டு தவணை தவறினால் நடுரோட்டில் சாவியைப் பிடுங்குவான். அது எப்படி இருக்கும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "15 வருஷம் ஆனால் வண்டி செல்லாது, இப்பவே கொடுத்துவிடு" என்று புரோக்கர்கள் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். இதை நம்பி நல்ல ஓட்டத்தில் இருந்த வண்டியை இரும்பு விலைக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். 15 வருஷம் ஆனால் கட்டாயம் கழிக்கவேண்டும் என்பது அரசாங்க வண்டிகளுக்கு, 2023 ஏப்ரல் 1 முதல். தனியார் வண்டி தகுதிச் சோதனையில் தேறினால் ஓடலாம். தில்லியில் 10 வருஷம் தாண்டின டீசல் வண்டிக்குத் தடை என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. ஆனால் அது தில்லிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும். அங்கேயே 2025 ஆகஸ்டில், வயசை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்காதே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4-க்கும் அதற்கு மேலேயும்தான் என்று மாற்றியது. அதாவது நீதிமன்றமே வயசை விட்டு, இன்ஜின் எந்த ரகம் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டது. நாம் அதற்கும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறோம்: ரகத்தையும் பார், ஆனால் அந்த இன்ஜின் இன்றைக்கு எப்படிப் புகைக்கிறது என்பதையும் பார்.

பி.எஸ்., பி.எஸ். என்கிறார்களே, அது என்ன என்று பல பேருக்குத் தெரியாது. பாரத் ஸ்டேஜ். முதல் படி 2000-ல் நாடு முழுக்க வந்தது. சென்னை மாதிரி பெரிய நகரங்களுக்கு 2001-லேயே ரெண்டாம் படி, நமக்கெல்லாம் 2005-ல். மூணாம் படி நாடு முழுக்க 2010-ல். நாலாம் படி 2017 ஏப்ரல் 1. அன்றைக்கு உச்ச நீதிமன்றம் பி.எஸ்.3 வண்டி விற்பனையையே நிறுத்தியது. கடைசி ரெண்டு நாளில் தள்ளுபடியில் வாங்கினவர்களும் இங்கே இருப்பார்கள். அஞ்சாம் படியைத் தாண்டிக் குதித்து 2020 ஏப்ரல் 1-ல் ஆறாம் படி. உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் தயாரித்த மாசமும் வருஷமும் இருக்கும். 2005-க்கும் 2010-க்கும் நடுவிலே வந்த நம்ம ஊர் வண்டி பெரும்பாலும் பி.எஸ்.2.

பழைய இன்ஜின் சுத்தமானது, புகையே விடாது என்று நான் சொல்லமாட்டேன். மேடையில் கைதட்டு வாங்குவதற்காகப் பொய் சொல்லக்கூடாது. டீசல் காருக்கு பி.எஸ்.2-ல் கிலோமீட்டருக்கு 0.08 கிராம் கரித்தூள் வரை அனுமதி, பி.எஸ்.6-ல் 0.0045 கிராம். இருபதில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிட்டது. சரக்கு வண்டிக்கும் அப்படித்தான் இறங்கியிருக்கிறது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே சொல்லிவிட்டது. அந்தப் புகையை முதலில் குடிப்பது யார்? வண்டிக்குப் பின்னாலே பெட்டிமேலே உட்கார்ந்து வருகிற நம்ம வீட்டுப் பொம்பளைங்கதான். கண்ணாடி ஏற்றின காரில் போகிறவனுக்கு முன்னாடி நமக்குத்தான் பாதிப்பு. ஆகையினால் புகையைக் குறைக்கவேண்டும் என்பதில் நமக்கும் அரசாங்கத்துக்கும் சண்டை இல்லை. வயசுக்குத் தண்டம் போட்டால் புகை குறையுமா என்பதில்தான் சண்டை.

குறையாது. ஏனென்றால் 15,000 ரூபாயை ஆர்.டி.ஓ. ஆபீசில் கட்டினவன் நாசில் மாற்றக் காசில்லாமல் நிற்பான். அந்தப் பணம் இன்ஜினுக்குள்ளே போயிருந்தால் புகை குறைந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்றும் சொல்லணும். நாம் 2005-ல், 2006-ல் ஓட்டின டீசலும் இன்றைய டீசலும் ஒன்றல்ல. அன்றைக்குப் பங்கில் கிடைத்த டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை. பி.எஸ்.3-ல் 350, பி.எஸ்.4-ல் 50. 2020 ஏப்ரலிலிருந்து 10. அதே பழைய இன்ஜின் இன்றைக்கு ஐம்பதில் ஒரு பங்கு கந்தகத்தைத்தான் எரிக்கிறது. "புது டீசல் பழைய பம்பை அரித்துவிடும், கெரசின் கொஞ்சம், ஆயில் கொஞ்சம் கலந்து ஓட்டு" என்று சில பட்டறையில் யோசனை சொல்கிறார்கள். கேட்காதீர்கள். கந்தகம் எடுக்கும்போது போகிற வழுவழுப்புக்கு ரிஃபைனரியிலேயே மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். கெரசின் ஊற்றினால்தான் பம்பு தேயும்.

இனி வண்டிக்காரத் தம்பிகளுக்கு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு நாம் போராடப் போகும்போது நம்ம வண்டி கருகருவென்று புகைவிட்டுக்கொண்டு நின்றால் பத்திரிகைக்காரர் அதைத்தான் படம் எடுப்பார்.

நம்ம பழைய இன்ஜினில் கம்ப்யூட்டர் கிடையாது. மெக்கானிக்கல் பம்பு, நாலு நாசில், ஒரு ஏர் பில்டர். புது வண்டியில் கரியைப் பிடிக்கிற சல்லடை சைலன்சருக்குள்ளே இருக்கிறது. அது தானாகச் சூடேறிக் கரியை எரிக்கணும் என்றால் வண்டி கொஞ்ச தூரம் நிற்காமல் ஓடணும். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு, ரோட்டிலிருந்து சொசைட்டிக்கு என்று ரெண்டு கிலோமீட்டர், மூணு கிலோமீட்டர் ஓட்டினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். உடனே கம்பெனி ஒர்க்ஷாப். லேப்டாப் மாட்டினால்தான் என்ன கோளாறு என்றே தெரியும். நம்மது வேப்பமரத்தடியில் பார்க்கிற வண்டி. அதனால்தான் நமக்கு அதன்மேலே பாசம். ஆனால் பார்க்கணுமே! பார்க்காமல் விட்டால் பாசம் இருந்து என்ன பிரயோஜனம்?

புகை மூணு நிறத்தில் வரும். கறுப்பு வந்தால் காற்று பத்தவில்லை, அல்லது டீசல் அதிகமாகப் போகிறது. நீலம் வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், வால்வு சீல், டர்போ இருக்கிற வண்டியானால் டர்போ சீல். வெள்ளை, காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து சூடானதும் நின்றால் பயமில்லை. சூடான பிறகும் நிற்காமல் வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

கறுப்புப் புகை என்றதும் "பம்பைக் கழற்று" என்பார்கள். முதலில் பம்புக்குப் போகாதீர்கள். ஏர் பில்டரைத் திறந்து பாருங்கள். மக்காச்சோளம் அடிக்கிற களத்துக்குப் பக்கத்திலே நிற்கிற வண்டி, செம்மண் பாதையில் ஓடுகிற வண்டி, தார் ரோட்டு வண்டிக்குச் சொன்ன கிலோமீட்டர் கணக்கை நம்பக்கூடாது. ஆயில் பாத் பில்டர் என்றால் அடியிலே கிண்ணத்தில் சேறு கட்டியிருக்கும். கழுவி, குறியளவுக்குப் புது ஆயில் ஊற்றுங்கள், குறிக்கு மேலே ஊற்றாதீர்கள், இன்ஜின் உறிஞ்சிவிடும். காகித பில்டரைக் காற்று அடித்து அடித்து ஓட்டினால் ஓட்டை விழும். தூசி நேராக உள்ளே போய் போரைத் தேய்க்கும். பில்டருக்கு மிச்சம் பிடித்தவன் ரீபோர் செலவில் போய் நிற்கிறான்.

அடுத்தது டீசல் பில்டர். அடியில் தண்ணீர் தேங்கும், திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். கேனில் வாங்கித் தோட்டத்தில் வைத்து ஊற்றுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். அதற்கப்புறம் டேப்பட் கிளியரன்ஸ், பிறகு நாசில். நாசிலை ரிக்கில் மாட்டிப் பார்த்தால் தெரியும். மூடுபனி மாதிரித் தெறிக்கணும், சொட்டக்கூடாது. சொட்டுகிற நாசில் புகையும் விடும், பிஸ்டன் தலையையும் ஓட்டை போடும். இதெல்லாம் சரியாக இருந்தும் கறுப்பு நிற்கவில்லை என்றால் அப்புறம்தான் பம்பு டைமிங், காலிபரேஷன். அதுவும் பெஞ்சு வைத்திருக்கிற பம்பு ரூமில்.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசுகிற பழக்கம் நம்ம ஊரில் இருக்கிறது. "சூடு ஏறாமல் இருக்கும்" என்பார்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடினால் டீசல் முழுசாக எரியாது, ஆயில் கெடும், ரிங் தேயும். ரேடியேட்டர் அடைப்பை எடுக்காமல் வால்வைக் கழற்றுவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம்.

ஈ.ஜி.ஆர். வால்வு பற்றிச் சிலர் சீட்டு எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். பி.எஸ்.3 வண்டிகள் பலவற்றில் இருக்கிறது. சைலன்சருக்குப் போகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்கே கொடுக்கிற ஏற்பாடு. ஏன் கொடுக்கிறான்? எரிகிற சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு என்கிற நச்சு வாயுவைக் குறைக்க. குறை என்னவென்றால் கரி படிந்து வால்வு சிக்கிக்கொள்ளும். திறந்தபடியே சிக்கினால் இழுவை போகும், கறுப்பாகப் புகைக்கும். உடனே பட்டறையில் ஒரு தகடு வெட்டி நடுவிலே வைத்து அடைத்துவிடுவார்கள். கறுப்புப் புகை குறையும், இழுவை வரும், ஓட்டுகிறவருக்குச் சந்தோஷம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்த வாயு அதிகமாகும். டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் கறுப்பின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்களே தவிர, அந்த வாயுவைப் பார்ப்பதில்லை. அதனால் தகடு வைத்த வண்டி சோதனையில் நன்றாகவே தேறும்! சோதனையில் தேறுகிறது என்பதற்காக நாம் செய்யலாமா? வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கழற்றிக் கரியைச் சுரண்டி, கழுவி மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் வால்வை மாற்றணும். கம்பெனி பொருத்தின கருவியை அடைப்பது சட்டப்படியும் தப்பு. மாசு விதியை மீறினால் 2019 திருத்தச் சட்டப்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூணு மாசம் வரை சிறை. நம்ம மேலே ஒரு குற்றத்தை வைத்துக்கொண்டு அரசாங்கத்தைக் கேள்வி கேட்க முடியாது.

அதே மாதிரிதான் "எஃப்.சி. செட்டிங்". எஃப்.சி. காட்டுவதற்கு முந்தின நாள் பம்பில் சீல் வைத்த ஸ்குரூவைத் திருப்பி டீசலைக் குறைப்பது. காட்டி முடித்துக் கேட்டைத் தாண்டினதும் பழையபடி ஏற்றிவிடுவது. நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, சாயங்காலம் திருப்பிக் கொடுப்பது. பிரேக் இன்ஸ்பெக்டரை ஏமாற்றலாம். மலைப்பாதை இறக்கத்தில் அந்த டயரை ஏமாற்ற முடியாது. சங்கத்துக்காரன் வண்டியில் இதெல்லாம் இருக்கக்கூடாது.

புகைச் சோதனைக்குப் போகிறபோது உங்களுக்கு என்ன உரிமை என்று தெரிந்துகொள்ளுங்கள். வண்டி நியூட்ரலில், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தி விட்டு, திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் அளவு எடுக்கணும். பி.எஸ்.4-க்கு முந்தின டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ், மெஷினில் 2.45 என்று வரும். பி.எஸ்.4 வண்டிக்கு 50, அதாவது 1.62. நம்ம ஊரில் சில சென்டரில் குழாயைச் சைலன்சரில் விடாமலே, போர்டைப் படம் எடுத்துச் சீட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நமக்கும் நேரம் மிச்சம் என்று வாங்கிக்கொண்டு வருகிறோம். அந்தச் சீட்டு நமக்கு எதற்கும் உதவாது. உண்மையாகவே அளந்து, 65-க்கு நம்ம வண்டி 40 காட்டியது, 45 காட்டியது என்று அச்சடித்த காகிதம் கையிலே இருந்தால் அதுதான் நம்ம ஆயுதம். சீட்டுகளை, ஆயில் மாற்றின பில்லை, நாசில் பார்த்த பில்லை எல்லாம் ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள்.

இனி சோதனை நிலையம். எஃப்.சி. எல்லாம் தானியங்கிச் சோதனை நிலையத்தில்தான் என்று 2022-ல் விதி செய்தார்கள். தேதியைத் தள்ளித் தள்ளிக் கொண்டுவருகிறார்கள், ஏனென்றால் நிலையமே போதுமான அளவு கட்டவில்லை. மெஷின் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. கை நீட்டாத மெஷினாக இருந்தால் நல்லதுதான். (சிரிப்பு.) ஆனால் அது எங்கே இருக்கும்? அறுபது, எழுபது கிலோமீட்டர் தள்ளி மாவட்டத் தலைநகரில் இருந்தால், போக வர ஒரு நாள் கூலி, டீசல், வரிசையில் நிற்கிற நேரம். தேறவில்லை என்றால் மறுபடி இன்னொரு நாள். தனியார் கையில் கொடுத்தால், தேறவிடாமல் அனுப்பினால்தானே அவனுக்கு மறு கட்டணம்? இந்தச் சந்தேகத்துக்கு யாராவது பதில் சொல்லணும்.

நாம் கேட்பது இதுதானுங்க. விவசாயி தன் பெயரில், தன் விளைச்சலை ஏற்ற வைத்திருக்கிற இலகு ரக வண்டியைத் தனி இனமாக வை. 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டாம் என்று மோட்டார் வாகனச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறதே, சின்ன வண்டி வேறு என்று அங்கே தெரிந்தது இங்கே ஏன் தெரியவில்லை? சிட்டா அடங்கலைக் காட்டுகிறோம், கிராம நிர்வாக அலுவலர் சான்று தருகிறோம். அந்த வண்டி புகை வரம்புக்குள்ளே இருந்தால், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சரியாக இருந்தால், புது வண்டிக்கு என்ன கட்டணமோ அதே கட்டணம். வரம்பைத் தாண்டினால், எதிலே தேறவில்லை என்று எழுத்தில் கொடு, சரிசெய்ய அவகாசம் கொடு, மறுசோதனைக்குப் பணம் கேட்காதே. அதற்கப்புறமும் தேறாத வண்டியை எடுத்துக்கொள்; நாங்களே கொண்டுவந்து விடுகிறோம். ஆனால் அந்த விவசாயிக்குக் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் வட்டிக்கே வண்டிக்கடன் கொடு. தாமதத்துக்கு நாளுக்கு 50 ரூபாய் என்பதை ரத்து செய். தாலுகாவுக்கு ஒரு சோதனை நிலையம் வருகிற வரைக்கும் இருக்கிற இடத்திலேயே எஃப்.சி. காட்ட விடு. கட்டணம் மத்திய அரசு போட்டது என்று மாநில அரசு நழுவக்கூடாது. பசுமை வரி மாநிலம் வாங்குகிறதுதான், அதைத் தள்ளுபடி செய்து முதல் கையெழுத்தை இவர்கள் போடட்டும்.

1972-ல் மின்கட்டணத்துக்காகக் கோவைக்குக் கட்டை வண்டிகளை ஓட்டிக்கொண்டு போய் நின்றார்கள் நம்ம பெரியவர்கள். ஊரே ஸ்தம்பித்தது. அதே மாதிரி பிக்கப் வண்டிகளைக் கொண்டுபோய் ரோட்டை அடைக்கலாம் என்று இளைஞர் அணித் தம்பிகள் சொன்னார்கள். செயற்குழுவில் பேசி வேறு மாதிரி முடிவு செய்திருக்கிறோம். கட்டை வண்டி புகை விடாது, நம்ம வண்டி விடும். முந்நூறு வண்டியை நிறுத்தி உறும விட்டால் ஊர்க்காரன் நமக்கே எதிராகப் போய்விடுவான்.

முதலில் நம்ம வண்டிகளை நாமே அளக்கப்போகிறோம். சங்கக் கட்டடத்துக்கு முன்னாடி உள்ள களத்தில் புகைச் சோதனை மெஷின் வண்டி வந்து நிற்கும். கட்டணத்தைச் சங்கம் பேசிக் குறைத்திருக்கிறது. நம்ம மெக்கானிக் தம்பிகள் நாலு பேர் ஏர் பில்டரும் டேப்பட்டும் பார்த்துக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். சாமான் விலை மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். வண்டி எண்ணும் தயாரித்த வருஷமும் மெஷின் காட்டின அளவும் ஒரு பதிவேட்டில் ஏறும். அதிகமாகக் காட்டுகிற வண்டியை மறைக்கமாட்டோம், அதையும் எழுதுவோம். அந்தப் பதிவேட்டோடுதான் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கிறோம். மனுவுக்குப் பதில் வராவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு முன்னாடி உட்காருகிறோம். அன்றைக்கு வண்டி வேண்டாம், ஆள் வந்தால் போதும், பச்சைத் துண்டோடு வாருங்கள்.

சோதனைக்கு வருகிறவர்கள் ஆர்.சி. நகல், கடைசியாகக் காட்டின எஃப்.சி. நகல், சிட்டா நகல் மூணும் கொண்டு வரணும். கட்டண ரசீது யாரிடமாவது இருந்தால் தவறாமல் எடுத்து வாருங்கள். எவ்வளவு வாங்கியிருக்கிறார்கள் என்று ரசீதைக் காட்டித்தான் பேசணும், வாய்க்கணக்கு எடுபடாது. கிளைத் தலைவர்கள் ஊருக்கு ஒரு பட்டியல் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்காமல் வரிசை போட முடியும். காலையிலே ஏழு மணிக்கு ஆரம்பம். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வராதீர்கள், இன்ஜின் சூடாக இருக்கணும், குறைந்தது அஞ்சு கிலோமீட்டராவது ஓட்டிக்கொண்டே வாருங்கள். காலிப்பெட்டிகளை வீட்டிலேயே இறக்கிவிட்டு வாருங்கள்.